பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பது காசுக்குத் தகுமா?

'ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுமில்லாத ஒப்புக்குச் சப்பாணி ஆட்டம்தானே, இதற்கு எதற்கு அவ்வளவு செலவு?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த 'ஒன்றுமில்லாத' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. 2026 ஆட்டம் பிலடெல்பியாவில் என்பதால் நீங்கள் அந்தப் பக்கம் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கா வந்து அதிக நாள் ஆகியிருக்காது, அலுவலகத்தில் யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். சரியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேஸ்பால் நிபுணன் இல்லை. 'அந்த ஊர் ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான்' என்று கிரிக்கெட் அன்பர்கள் கிளம்ப வேண்டாம், நானும் சேப்பாக்கத்து வெயிலில் காய்ந்தவன்தான். ஆனால் 2002 ஜூலை 9 அன்று மில்வாக்கியின் மில்லர் பார்க் மைதானத்தில் நான் இருந்தேன். ஆல் ஸ்டார் ஆட்டங்களிலேயே அதிகம் திட்டு வாங்கியது அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது அந்த ஊரில் எனக்கு ஒப்பந்த வேலை. அங்கே எனக்கு மேலாளராக இருந்தவர் அமெரிக்கர், வயதில் பெரியவர், பேஸ்பால் பைத்தியம். மாலை ஆட்டத்துக்கு மதியமே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் புகை. டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கரி அடுப்பை மூட்டி, ஊரே பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சிக் குழலைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் சைவம் என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் பன்னைப் பிளந்து, வாட்டிய வெங்காயத்தையும் புளிக்க வைத்த முட்டைக்கோஸையும் திணித்து, மேலே கடுகு விழுதைத் தடவிக் கொடுத்தார். இப்போதும் வீட்டில் அதைச் செய்கிறேன். மனைவிக்குப் பிடிக்காது.

ஆட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள். இரண்டிலிருந்தும் பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மோதுவதுதான் இது. 1933-ல் சிகாகோவில் ஒரு பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் கிளப்பிவிட்ட யோசனை.

முதல் இன்னிங்ஸில் நேஷனல் லீக்கின் பேரி பாண்ட்ஸ் மட்டை பிடித்தார். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரே சீசனில் 73 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி, அடித்திருந்தவர். அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டிவிட்டது என்றே நினைத்து எழுந்துவிட்டோம். எதிரணி ஃபீல்டர் டோரி ஹன்டர் ஓடி வந்து எகிறினார். கையுறை வேலிக்கு மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது, பந்தோடு. பாண்ட்ஸ் சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர். அவர் நேரே ஹன்டரிடம் போய், அவரை அப்படியே அரிசி மூட்டை மாதிரி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்! இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான உலகத் தொடரில் ஹோம் ரன்னைப் பறித்தவனை யாராவது தோளில் தூக்குவார்களா? ஒன்றுமில்லாத ஆட்டம் என்பதால்தான் இது நடந்தது.

வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது 7-7. சமன் என்றால் கூடுதல் இன்னிங்ஸ். பத்தாவதும் போனது. பதினொன்றாவதில்தான் சிக்கல். அணிக்கு முப்பது பேர், எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுப்பது மரபு என்று இரண்டு அணி மேலாளர்களும் ஆட்களை இறக்கிக்கொண்டே வந்ததில் பெஞ்சே காலி. பந்து வீச மிஞ்சியவர்கள் ஆளுக்கு ஒருவர், விசென்டே படில்லாவும் ஃப்ரெடி கார்சியாவும். அவர்களும் இரண்டு இன்னிங்ஸ் வீசியாகிவிட்டது. இதற்கு மேல் வீசி தோள்பட்டை போனால் சொந்த அணிக்கு யார் பதில் சொல்வது?

பெஞ்ச் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தக் குளிர்காலத்தில் என்னை அனுப்பிய கன்சல்டன்சி, பெயர் வேண்டாம், மூன்று மாதம் என்னை 'பெஞ்சில்', அதாவது வேலை எதுவும் கொடுக்காமல், வைத்துச் சம்பளமே தரவில்லை. எச்1பி வேலை விசாவில் இருப்பவனுக்கு அப்படிச் செய்வது சட்டப்படி தப்பு. கேட்டால் 'விசா பார்த்துக்கோ' என்பார்கள். ஒரு அறையில் ஆறு பேர், தினமும் சாம்பார், அதே சாம்பார். அங்கே பெஞ்ச் காலியானதால் ஆட்டம் நின்றது, எங்கள் கம்பெனியில் பெஞ்ச் நிரம்பி வழிந்தது. அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. சரி, விடுங்கள்.

பேஸ்பால் அமைப்பின் தலைவரான கமிஷனர் பட் செலிக் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊரே மில்வாக்கிதான். அணி மேலாளர்கள் ஜோ டோரியும் பாப் பிரென்லியும் அவரிடம் போய்ப் பேசினார்கள். அவர் இரண்டு கைகளையும் விரித்தார், கல்யாண மண்டபத்தில் சாப்பாடு தீர்ந்துபோனால் பெண்ணின் அப்பா விரிப்பாரே, அப்படி. இந்த இன்னிங்ஸில் நேஷனல் லீக் ரன் எடுக்காவிட்டால் ஆட்டம் சமன் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். நாற்பதாயிரம் பேரும் 'லெட் தெம் ப்ளே', ஆட விடுங்கள், என்று கத்த ஆரம்பித்தார்கள். புட்டிகள் பறந்தன. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு அந்தக் கால பேஸ்பால் ஜாம்பவான் டெட் வில்லியம்ஸ் பெயரைச் சூட்டியிருந்தார்கள், மனிதர் நான்கு நாள் முன்புதான் காலமாகியிருந்தார். அந்த விருதும் யாருக்கும் இல்லை. என் மேலாளர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லாத ஆட்டத்துக்கு யாராவது இப்படிக் கோபப்படுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த அவமானத்தில்தான் 2003 முதல் 2016 வரை ஒரு விதி வைத்தார்கள்: எந்த லீக் ஜெயிக்கிறதோ, அந்த லீக்கின் அணிக்கு உலகத் தொடரில் சொந்த மைதான வசதி. எனக்கு அது பிடிக்கவில்லை. திருவிழாவுக்கு மதிப்பெண் போட்ட மாதிரி இருந்தது. இப்போது இருக்கிற ஏற்பாடு தேவலை. 2025-ல் அட்லாண்டாவில் 6-6 ஆனதும் நம் சூப்பர் ஓவர் மாதிரி ஹோம் ரன் போட்டி வைத்தார்கள், ஆளுக்கு மூன்று முறை மட்டையைச் சுழற்றலாம். நேஷனல் லீக்கின் கைல் ஷ்வார்பர் மூன்றையும் வேலிக்கு வெளியே அனுப்பினார். 'இது பேஸ்பாலே இல்லை' என்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அன்றைக்கு யாரும் புட்டி வீசவில்லையே.

காசுக்குத் தகுமா என்றுதானே கேட்டீர்கள்? அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அன்றைக்கு டிக்கெட் மேலாளருடையது. நான் வாங்கிக் கொடுத்தது இரண்டு கோக்.