வடசென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர், வீட்டில் முதல் ஆளாகப் பொறியியல் சேர என்ன செய்யணும்?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் இரண்டு வகையும் கலந்திருப்பதால் இதை முதலில் பாருங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியின் படிப்புச் சான்றை இப்போதே வாங்கிவிடுங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அதனால் இடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்றால் கிடைக்காது.

மாதம் 1000 ரூபாய் அரசு உதவித்தொகைக்கு, பையன் என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம், பெண் என்றால் 'புதுமைப் பெண்' திட்டம். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கியில்தான். கணக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது போதாது, அரசு உதவித்தொகை வரும் கணக்காகவும் அது இணைந்திருக்கணும். மார்க்‌ஷீட்டில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் கலந்தாய்வுக்கு முன்பே திருத்துங்கள்.