நெருங்கிய உறவில் பெருக்கிய குட்டைப் பன்றிகளின் மரபணு வேறுபாட்டை எப்படி அளக்கிறார்கள்?

மரபணு வேறுபாடு என்பது ஒரு கூட்டத்துக்குள் மரபணுக்கள் எவ்வளவு விதவிதமாக இருக்கின்றன என்பதுதான். வன்னியில் மாடுகளுக்கு வெளி நாம்பன் (காளை) வாங்காமல், பட்டியில் பிறந்ததையே தலைமுறை தலைமுறையாக விட்டால் கன்றுகளின் தாய்வழியும் தந்தைவழியும் ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும். ஆய்வுக்கான சில குட்டைப் பன்றி வகைகளில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். பன்றிகள் ஒத்திருந்தால்தான் மருந்தின் விளைவு தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொரு மரபணுவிலும் பெரும்பாலும் தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று என இரு பிரதிகள் உண்டு. இரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுத்து, பல இடங்களில் அவ்விரண்டும் வேறுபடுகின்றனவா என்று எண்ணுகிறார்கள். வேறுபடும் இடங்கள் குறைந்தால் வேறுபாடும் குறைவு. அப்போது மறைந்திருந்த குறைகள் சோடி சேர்ந்து வெளிப்படலாம், அதனால் இந்த அளவீடு முக்கியம்.

தோற்றம் ஒன்றானால் மரபணுவும் ஒன்று எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கூடப்பிறந்தவற்றை 20 தலைமுறை இணைத்தாலும், கணக்குப்படி தொடக்க வேறுபாட்டில் சுமார் 1.4% மிஞ்சும்.