தீக்காயத்துக்குத் தோல் ஒட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு நெஞ்சிலும் கையிலும் ஆழமான தீக்காயம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். மகள் நான் கொடுக்கக் கூடாதா?

பதில்: உங்கள் தோலை அம்மாவின் உடல் சில வாரங்களில் தள்ளிவிடும். நிலைத்து நிற்பது அவரவர் தோல்தான். ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, உருவம் ஒத்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு. பயப்படாதீர்கள், தொடையிலிருந்து முழுத்தோலையும் உரிப்பதில்லை. மேலாக மெல்லிசாகச் சீவி எடுப்போம். மயிர்க்கால்கள் அடியில் தங்கிவிடுவதால், அவற்றிலிருந்து புதுத்தோல் வளர்ந்து சுமார் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் முதல் சில நாள், ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும். பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், வலி மருந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள். கையை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய தோல் நகர்ந்தாலும், அடியில் ரத்தம் தேங்கினாலும் பிடிக்காது. கட்டை உடனே பிரித்துப் பார்க்காமல் நான்கைந்து நாள் விடுவது அதனால்தான்.

கேள்வி: பாதி உடம்பு வெந்தவருக்கு எங்கிருந்து தோல் எடுப்பீர்கள்?

பதில்: அப்போதுதான் தோல் வங்கி கைகொடுக்கும். இறந்தவர் தானமாகத் தந்த தோலை 85 சதவீத கிளிசராலில் (கிளிசரின்) ஊறவைத்து, குளிரில் பாதுகாப்பார்கள். கருகிய தோலை நீக்கிவிட்டு இதைப் போர்த்தினால் நீர் வெளியேறுவதும், கிருமித்தொற்றும், வலியும் குறையும். இரண்டு மூன்று வாரம் தாங்கும். அந்த அவகாசம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதற்குள் தோல் எடுத்த தொடை ஆறியிருக்கும். அங்கிருந்தே மறுபடி எடுக்கலாம். கிடைத்த தோலைத் துளையிட்டு, வலைபோல் இழுத்து விரித்து ஒட்டுவோம். பிழைத்தபின் அந்த வலைத்தடம் தெரியும். மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: காயத்தை மூட பனிக்குடச் சவ்வு (கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு), கொலாஜன் (தோலில் உள்ள புரதத்தாலான படலம்), மீன் தோல்... எது நல்லது?

பதில்: மேலோட்டமான காயமென்றால் முதல் இரண்டும் நன்றாக வேலை செய்யும், தினமும் கட்டு மாற்றும் வேதனை மிச்சம். பனிக்குடச் சவ்வு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனை முடித்த தாயிடமிருந்து பெற்றதாக இருக்க வேண்டும். பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகர மருத்துவர்கள் திலாப்பியா மீன் தோலைப் பயன்படுத்துகிறார்கள். அது கிருமி நீக்கிப் பதப்படுத்திய தோல். சந்தை மீனின் தோலை உரித்து ஒருபோதும் வைக்காதீர்கள். ஆழமான காயத்துக்கு இவை எதுவும் தோல் ஒட்டுக்கு மாற்று அல்ல.

கேள்வி: இறந்தபின் தோல் தானம் செய்தால் உடல் சிதையுமா?

பதில்: சிதையாது. தொடை, கால், முதுகிலிருந்து மேல்தோலை மெல்லிசாக எடுத்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், கண் தானத்துக்கு அழைக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.