சிறிய அறை நேர்காணலில் பின்னணி மங்குவதற்கு

வணக்கம். மயிலாப்பூர் வீட்டில் பத்தடி அறையில் உங்கள் பாட்டியைப் பேட்டி எடுக்கும்போது, 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸில் பின்சுவர் காலண்டரின் எழுத்துகூடத் தெளிவாகத் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். அவரைச் சுவரோரமாக உட்கார வைத்திருப்பதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். கேமராவை அறையின் மூலையில் வைத்து, பாட்டிக்குப் பின்னால் கூடத்துக் கதவு திறந்திருக்கும்படி அமர்த்தினால், பின்னணி பல அடி விலகி, தானாகவே மங்கத் தொடங்கும். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிதாகி, பின்னணி அதிகம் மங்கும். உங்கள் லென்ஸ் 55 மில்லிமீட்டரில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது என்பதால், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஆனால் அதை முழுவதும் திறக்காமல் எஃப் 2.8-இல் நிறுத்துங்கள், பேச்சின் உற்சாகத்தில் பாட்டி சற்றே முன்சாய்ந்தாலும் அவர் கண்கள் மங்கக் கூடாது, மங்கிய கண்களை எடிட்டிங்கில் மீட்கவே முடியாது. ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படச்சட்டமும் ஒளியை வாங்கும் நேரம்) 1/50 வினாடியில் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வேகத்தில் குழல்விளக்கின் மினுக்கம் படத்தில் பதியாது. மொட்டைமாடி வெயிலில் எடுப்பதானால் மட்டும் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும்.