முதல் ஊசியில் குளிர் நடுக்கம்: டாராடுமுமாப் சிகிச்சையைத் தொடரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64, எடை 60 கிலோ. மல்டிபிள் மைலோமா எனும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு திரும்பியதால், டாராடுமுமாப் மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றுகிறார்கள். முதல் நாள் இரண்டாவது மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்து தொண்டை அடைத்தது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் நர்ஸிடம் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றி முடித்தார்கள். இனி வரமாட்டேன் என்கிறார். இதற்கிடையில், இறந்துபோன ஒரு நோயாளியின் வீட்டில் மீதமிருக்கும் குப்பிகளைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: குப்பியை வாங்காதீர்கள். பயத்தினால் சிகிச்சையையும் நிறுத்திவிடாதீர்கள்.

மைலோமா செல்களின் மேற்பரப்பில் சிடி38 என்ற புரதம் நிறைய இருக்கும். டாராடுமுமாப் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியை அந்தச் செல்கள்மீது ஏவிவிடுகிறது. உடலுக்கு இந்த மருந்து முற்றிலும் புதிது என்பதால்தான் முதல் நாள் அவ்வளவு ஆர்ப்பாட்டம். முதல் ஊசியில் பத்துப் பேரில் நான்கைந்து பேருக்கு நடுக்கம், மூக்கடைப்பு, இருமல் என்று ஏதாவது வரும். இரண்டாவது ஊசியில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வந்தாலே அதிகம். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டாவது முறை சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசை காட்டாதீர்கள். முதல் முறை மருந்தை ஒரு லிட்டர் சலைனில் கலந்து, மணிக்கு 50 மில்லியில் தொடங்கி, சிறிது சிறிதாக 200 வரை கூட்டுவார்கள். அதனால்தான் ஆறேழு மணி நேரம் ஆனது. தொந்தரவு இல்லாதவர்களுக்கு அடுத்த முறை அரை லிட்டர் போதும், நான்கு மணி நேரத்தில் முடியும். அப்பாவுக்கு முதல் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே தொந்தரவு வந்துவிட்டதால் மறுபடியும் ஒரு லிட்டரில்தான் கலப்பார்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஐந்து நிமிடத்துக்குள் போட்டுவிடும் ஊசி வடிவமும் இருக்கிறது. அதில் இந்தத் தொந்தரவு இன்னும் குறைவு. மாற்ற முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போது அந்தப் பாதி விலை மனிதர். இறந்தவர் வீட்டு மருந்து என்ற கதையை நான் பலமுறை கேட்டுவிட்டேன். துக்க வீட்டின் பெயரைச் சொன்னால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மகன், ஜவுளிக்கடைப் பையில் செய்தித்தாள் சுற்றிய நான்கு குப்பிகளைக் கொண்டுவந்தார். பனிக்கட்டி உருகி, தாள் முழுவதும் நனைந்திருந்தது. ஒரு குப்பியின் மூடிக்கு அடியில் பசை தடவிய தடம் தெரிந்தது. நகையை அடகு வைத்து வாங்கியதாகச் சொன்னார். நான் அதை ஏற்றவில்லை. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்களிடம் விலைக்கு வாங்கி, பூஞ்சைத் தொற்று மருந்தை நிரப்பி விற்றிருக்கிறது. குப்பி அசல், லேபிள் அசல், உள்ளே இருப்பதுதான் வேறு. ஒருவேளை உங்களிடம் வருவது உண்மையான மருந்தாகவே இருந்தாலும், அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, நடுவில் உறைந்ததா என்று யார் சொல்வது?

உரிமம் பெற்ற கடையில், பேட்ச் எண் அச்சிட்ட பில்லோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மருந்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கிலோவுக்கு 16 மில்லிகிராம் என்ற கணக்கில் அப்பாவுக்கு 960 மில்லிகிராம் தேவை. 400 குப்பி இரண்டு, 100 குப்பி இரண்டு. அதற்கு மேல் பில்லில் ஏறினாலும் கேளுங்கள். காலிக் குப்பிகளின் லேபிள்மீது மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துவிடச் சொல்லுங்கள். இதை ஒவ்வொரு மருத்துவமனையும் தானாகவே செய்ய வேண்டும். நோயாளியின் மகள் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு ஆத்திரம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ரத்தம். சிகப்பணுக்களிலும் சிடி38 கொஞ்சம் உண்டு. மருந்து அதிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டால், ரத்த வங்கியில் கிராஸ் மேட்ச் பார்க்கும்போது எந்தப் பாட்டிலும் பொருந்தாததுபோலத் தெரியும். குரூப் மாறவில்லை, அது அப்படியேதான் இருக்கும். குழம்புவது சோதனைதான். கடைசி ஊசிக்குப் பின் ஆறு மாதம் வரைகூட இந்தக் குழப்பம் நீடிக்கலாம். சிகிச்சை தொடங்குமுன் ரத்த மாதிரியில் ஆன்டிபாடி பரிசோதனை செய்து வைத்திருந்தால் வங்கிக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம். செய்தார்களா என்று கேட்டு, அந்த அறிக்கையின் நகலை வாங்குங்கள். செய்யாமல் விட்டிருந்தாலும் வழி இருக்கிறது, டைதயோத்ரைட்டால் (DTT) என்ற ரசாயனத்தால் அணுக்களைப் பக்குவப்படுத்திச் சோதிப்பார்கள். ஆனால் மருந்தின் பெயர் தெரிந்தால்தானே அதைச் செய்வார்கள்? பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. நடு இரவில் வேறு ஊர் மருத்துவமனையில் மணிக்கணக்காக ரத்தத்துக்குக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "டாராடுமுமாப் ஏற்றப்படுகிறது, ரத்த வங்கிக்குத் தெரிவிக்கவும்" என்று ஒரு அட்டையில் எழுதி, ரத்த குரூப்பையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் சேர்த்து, அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் காட்டட்டும்.

அக்கிப் புண் வராமலிருக்கக் கொடுத்த அசைக்ளோவிர் மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம். ஊசிக்கு முந்தைய ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அன்றும் மறுநாளும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஊசியன்று நீங்கள் அப்பாவின் பக்கத்திலேயே உட்காருங்கள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். போன முறைபோல அரை மணி நேரம் அவரைப் பொறுத்திருக்க விடாதீர்கள்.