டைட்டிலில் மேலே ஓடும் பெயர்கள் நடுங்கினால்

1080 பிக்சல் உயர வீடியோவில், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில், பெயர்கள் 10 நொடியில் திரையைக் கடக்கும்போது நடுங்குகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ரோலின் (மேலே ஓடும் பெயர்ப் பட்டியலின்) நீளத்தை நொடியில் வைக்காதீர்கள். ஒரு ஃபிரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு) எத்தனை பிக்சல் நகர்கிறது என்று பாருங்கள். அது முழு எண்ணாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன 1080 உயரம், 24 ஃபிரேமில் 10 நொடி என்றால், மொத்தம் 240 ஃபிரேம்; ஒரு ஃபிரேமுக்கு 4.5 பிக்சல் வருகிறது. அந்த அரைப் பிக்சலால் ஒரு ஃபிரேமில் எழுத்து கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழும். ‘க’, ‘ச’ தலைக்கோட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். 4 பிக்சல் வையுங்கள்: 270 ஃபிரேம், 11.25 நொடி. கீஃபிரேம் (நகர்வின் தொடக்க, முடிவுப் புள்ளிகள்) லீனியராக, அதாவது ஒரே சீரான வேகத்தில் இருக்கட்டும்; ஈஸ் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பது) வேண்டாம்.

சோதிக்க, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை 400% பெரிதாக்கி ஒரே எழுத்தின் விளிம்பை ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தும் ஆடினால், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரைச் சந்தேகியுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் அதில் சமமாகப் பொருந்தாது.