2008-ல் டெமாக்ரட் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் அனுபவம் குறைந்த ஒபாமாவிடம் ஹிலாரி எப்படித் தோற்றார்? அமெரிக்க வாக்காளர்கள் அனுபவத்தைப் பார்ப்பதே இல்லையா?

பார்க்கிறார்கள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் மேனேஜர் போல எத்தனை வருஷம் என்று கூட்டிப் பார்ப்பதில்லை. அந்த வருஷங்களில் முக்கியமான நேரத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்கிறார்கள். இப்போது பதவியில் இருப்பவரிடம் எது சலித்துப்போனதோ அது இவரிடமும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2008-ல் இந்த இரண்டும் ஹிலாரிக்குப் பாதகமாகப் போய்விட்டன.

அதற்கு முன், கேள்வியில் இருக்கும் ‘அனுபவம் குறைந்த ஒபாமா’ என்பதையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஒபாமா 1997-ல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போனவர். அங்கே ஏறக்குறைய 8 வருஷம், பிறகு 2005-லிருந்து தேசிய செனட்டில் 3 வருஷம். ஹிலாரி முதன்முதலாகத் தேர்தலில் ஜெயித்துப் பதவியேற்றது 2001-ல், நியூயார்க் செனட்டராக. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த பதவிகளை மட்டும் எண்ணினால் ஒபாமாதான் சீனியர். ஹிலாரி மேடைக்கு மேடை சொன்ன ‘35 வருஷம்’ சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து போட்ட கணக்கு. அதில் 8 வருஷம் அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகையில் இருந்தது. அதை ஒன்றுமில்லை என்று தள்ள மாட்டேன். 1993-94-ல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தி, அது நாடாளுமன்றத்தில் படுத்துப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். களத்தில் இருந்த வேறு யாருக்கும் அந்த அடி விழவில்லை. ஆனாலும் ‘அனுபவசாலி’ பட்டம் அவருக்குக் கிடைத்ததில் பிரசாரத்தின் பங்கு பெரிது.

போட்டியில் உண்மையிலேயே நீளமான பயோடேட்டா வைத்திருந்தவர்கள் வேறு மூன்று பேர். ஜோ பைடன் 1973-லிருந்து செனட்டர், அப்போது வெளியுறவுக் குழுவின் தலைவர். கிறிஸ் டாட் 1981-லிருந்து செனட்டர், வங்கித் துறைக் குழுவின் தலைவர். பில் ரிச்சர்ட்சன் எம்.பி.யாக இருந்தவர், ஐ.நா. தூதர், எரிசக்தித் துறை அமைச்சர், அப்போது நியூ மெக்சிகோ கவர்னர். ரிச்சர்ட்சன் இதை வைத்தே ஒரு நகைச்சுவை விளம்பரம் எடுத்தார். இன்டர்வியூவில் அவர் உட்கார்ந்திருக்க, எதிரில் இருப்பவர் இத்தனை பதவிகளையும் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, ‘சரி, அதிபராகத் தகுதி இருக்கிறது என்று எதை வைத்து நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பார். டாட் இன்னும் ஒரு படி மேலே போய் குடும்பத்தையே அயோவாவுக்குக் கூட்டி வந்து, மகளை அங்கே பள்ளியில் சேர்த்தார்.

அந்நாளில் அயோவா மாநிலம்தான் முதல் களம். நான் அப்போது அதன் தலைநகர் டி மொயினில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெச்-1பி விசா, ஓட்டு கிடையாது. ஆனால் காக்கஸை (ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம்) யார் வேண்டுமானாலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு சக ஊழியர் கூட்டிப் போனார். 2008 ஜனவரி 3, பற்கள் கிட்டிக்கும் குளிர், ஒரு பள்ளிக்கூடத்து ஜிம். அப்போது டெமாக்ரட்டுகளின் காக்கஸில் ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. ஹாலில் ஆளுக்கொரு மூலை. யாருக்கு ஆதரவோ அவர் பெயர் எழுதிய அட்டைக்குக் கீழே போய் நிற்க வேண்டியிருந்தது. தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்கு நகரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

இந்த இரண்டாவது கட்டம்தான் பார்க்க வேண்டியது. பைடன் மூலையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரிச்சர்ட்சன் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் 15-ஐத் தொடவில்லை. ஒபாமா, ஜான் எட்வர்ட்ஸ் (இன்னொரு வேட்பாளர், முன்னாள் செனட்டர்), ஹிலாரி ஆட்கள் மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டு, ‘எங்க பக்கம் வாங்க’ என்று கையைப் பிடிக்காத குறை. தெருவில் தினமும் பார்த்துக்கொள்ளும் ஜனங்கள் என்பதால் சண்டையாக இல்லை, கேலியும் சிரிப்புமாகத்தான் நடந்தது. அங்கே பைடனைக் குறை சொன்னவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்த மனுஷன், வெளியுறவு அமைச்சர் பதவிக்குப் பிரமாதமாக இருப்பார் என்றார்கள். சொல்லிக்கொண்டே ஒபாமா மூலைக்கு நகர்ந்தார்கள். ஒருவருடைய அனுபவத்தை மனதாரப் பாராட்டிவிட்டு ஓட்டை வேறு ஒருவருக்குப் போடுவதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் முரண்பாடு இல்லைதான்.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒபாமாவுக்கு ஏறக்குறைய 38 சதவீதம். எட்வர்ட்ஸும் ஹிலாரியும் 30-ஐ ஒட்டி, ஹிலாரி மயிரிழையில் மூன்றாம் இடம். ரிச்சர்ட்சனுக்கு 2, பைடனுக்கு 1, டாட்டுக்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். (இவை தலை எண்ணிக்கை அல்ல, ஒவ்வொருவருக்கும் கிடைத்த கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் கணக்கு. 15 சதவீத விதியால் சின்ன மூலைகள் இதில் காணாமல் போய்விடும். ஆக பைடனுக்கு ஆதரவு அவ்வளவுதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.) பைடனும் டாட்டும் அன்று இரவே விலகினார்கள், ரிச்சர்ட்சன் அடுத்த வாரம்.

காக்கஸுக்கு உள்ளே போகும்போது எடுத்த கருத்துக்கணிப்பில், வேட்பாளரிடம் எந்தக் குணம் முக்கியம் என்று கேட்டதற்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘மாற்றம் கொண்டுவருவார்’ என்றார்கள். ‘சரியான அனுபவம்’ என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கு போல. அனுபவம் என்று சொன்னவர்களில் பெரும் பகுதி ஹிலாரிக்குத்தான் போயிற்று, ஆனால் அவர்கள் கூட்டமே சின்னது. இந்த மாதிரிக் கணிப்புகளை நான் அளவோடுதான் நம்புவேன். ஆளை முதலில் பிடித்துவிடுகிறது, அதற்குக் காரணம் கேட்டால் பட்டியலில் பொருத்தமானதை டிக் செய்கிறோம். அதிலும் பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. ஹிலாரியின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எல்லோரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும், ஒபாமா திட்டத்தில் குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம். இந்த அளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் பேச முடியும்? பேச்சு தானாக ஆள் மேல் போய்விடுகிறது.

வித்தியாசம் நிஜமாகவே பெரிதாக இருந்த ஒரே இடம் ஈராக். 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77-23 என்று நிறைவேறியது. ஹிலாரி, பைடன், டாட், எட்வர்ட்ஸ் நான்கு பேரும் ஆதரவு ஓட்டு. அதே மாதம் சிகாகோவில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்தில், இது முட்டாள்தனமான போர் என்று பேசியவர் மாநில செனட்டர் ஒபாமா. செனட்டில் இருந்திருந்தால் அவர் எப்படி ஓட்டுப் போட்டிருப்பார் என்று ஹிலாரி தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான், ஆனால் எடுபடவில்லை. செனட் அனுபவம் என்பது பதிவான ஓட்டுகளின் கட்டு, அதில் ஒரு ஓட்டு மொத்தக் கட்டையும் எரித்துவிடும். எட்வர்ட்ஸ் அந்த ஓட்டு தவறு என்று 2005-லேயே எழுதிவிட்டார். ஹிலாரி பிரசாரம் முழுக்க மன்னிப்புக் கேட்க மறுத்தார். புஷ்ஷின் துணை அதிபர் செனியும் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரம்ஸ்ஃபெல்டும்கூடப் பழுத்த அனுபவசாலிகள்தானே என்று ஒபாமா கேட்டபோது, புஷ் ஆட்சியில் வெறுத்துப்போயிருந்த டெமாக்ரட்டுகளிடம் பதில் இல்லை.

இதற்காக அனுபவப் பேச்சு வீண் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரி கடைசியில், டெக்சாஸ், ஒஹாயோ பிரைமரிகளுக்குச் சில நாள் முன்னால், ஹிலாரி ‘அதிகாலை 3 மணி’ விளம்பரத்தை விட்டார். குழந்தைகள் தூங்குகிறார்கள், வெள்ளை மாளிகையில் போன் அடிக்கிறது, யார் எடுக்க வேண்டும்? மார்ச் 4-ல் ஒஹாயோவை வசதியாகவும் டெக்சாஸ் பிரைமரியைக் குறுகலாகவும் ஜெயித்தார். (அதில் தூங்கும் சிறுமியின் காட்சி பழைய ஸ்டாக் வீடியோ. அவர் அதற்குள் வளர்ந்து ஒபாமாவுக்காக வேலை செய்துகொண்டிருந்தார்!) ஆனால் அதே மாதத்தில், 1996-ல் போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கி ஓடியதாக ஹிலாரி சொன்ன கதையை, பழைய வீடியோ கவிழ்த்துவிட்டது. அதில் ஒரு சின்னப் பெண் நிதானமாக அவரை வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒபாமா ஜெயித்ததில் இந்த வாதங்களுக்கு இருந்த அளவு பங்கு கணக்குப் போட்டதற்கும் உண்டு. காக்கஸ் மாநிலங்களை ஹிலாரி அணி அலட்சியமாக விட்டது, ஒபாமா அணி ஒவ்வொன்றிலும் ஆள் வைத்தது. வெள்ளையர் நிறைந்த அயோவாவில் அவர் ஜெயித்த பிறகுதான் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் ‘சரி, இது நடக்கக்கூடிய காரியம்’ என்று மொத்தமாகத் திரும்பினார்கள். அங்கே 55-க்கு 27 என்று அடித்தார்.

ஜெயித்த கையோடு ஒபாமா செய்ததைப் பாருங்கள். பைடனைத் துணை அதிபராகவும் ஹிலாரியை வெளியுறவு அமைச்சராகவும் எடுத்துக்கொண்டார். டி மொயின் ஜிம்மில் ஜனங்கள் சொன்ன அந்தப் பதவி பைடனுக்குப் பதில் ஹிலாரிக்குப் போனது, அவ்வளவுதான்.

2016-ல் ரிபப்ளிகன்கள் இன்னும் தூரம் போனார்கள். 14 வருஷம் டெக்சாஸ் கவர்னராக இருந்த ரிக் பெர்ரி முதல் ஆளாக வெளியேறினார், எந்தப் பதவியிலும் இருந்திராத ட்ரம்ப் ஜெயித்தார். அப்படியானால் காலம் மாறிவிட்டது, இனிமேல் புது முகம்தான் என்று பலர் எழுதினார்கள். 2020-ல் அதே பைடன் வந்து நின்றார். அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அயோவாவில் முன்னால் போனவர் பீட் புட்டிஜெஜ், ஒரு லட்சம் பேர் இருக்கும் சவுத் பெண்ட் ஊரின் மேயராக இருந்தவர். பிப்ரவரி 29-ல் தென் கரோலினா எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. பைடனுக்குக் கிட்டத்தட்ட பாதி ஓட்டு. அடுத்த இரண்டு நாளில் புட்டிஜெஜும் இன்னொரு வேட்பாளரான ஏமி க்ளோபுச்சாரும் விலகி அவர் பின்னால் வந்தார்கள். அங்கே அவருக்கு விழுந்த ஓட்டில் 36 வருஷ செனட் வாழ்க்கைக்குப் பெரிய பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தென் கரோலினாவின் வயதான கறுப்பின வாக்காளர்கள் எண்ணியது ஒபாமா பக்கத்தில் நின்ற 8 வருஷத்தை. அதோடு, ட்ரம்பைத் தோற்கடிக்க வெள்ளையர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று அவர்கள் போட்ட கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.